ஜார்ஜ் ஃபோர்மன்: 25 வயதில் மூச்சுத் தீர்ந்தவர் 45 வயதில் 10 ரவுண்டு நின்றது எப்படி?

கேட்டவர்: சிவப்பு மூலை

வணக்கம். ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர் ஃபோர்மனின் ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் நெருடிக்கொண்டே இருக்கிறது. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. வயது 25. 40 ஆட்டம், 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். உடம்பு 220 பவுண்டு, கடைந்தெடுத்த மாதிரி. அப்படிப்பட்டவர் முகம்மது அலியிடம் 5-வது ரவுண்டு தாண்டியதும் கையைத் தூக்கவே திணறுகிறார், 8-வதில் விழுகிறார்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். வயது 45. எடை 250 பவுண்டு, இடுப்பைச் சுற்றி நன்றாகவே சதை. எதிரே உலகச் சாம்பியன் மைக்கேல் மூரர், வயது 26, 35 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. 9 ரவுண்டு வாங்கிக்கொண்டு நின்று, 10-வதில் படுக்கவைக்கிறார்.

“வயசானாலும் குத்தில் இருக்கிற பலம் போகாது” என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பலம் சரி, மூச்சு எங்கிருந்து வந்தது? இரண்டு காலகட்டத்துக்கும் நடுவில் ஆட்டத்தில் அவர் மாற்றியது என்னென்ன? பின்னாளில் கைகளைக் குறுக்கே மடித்து நிற்பாரே, அந்தக் கார்டை (தற்காப்பு நிலையை) உயரமான ஹெவிவெயிட் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: மணிச்சத்தம்

கின்ஷாசாவை அந்த ஒரு ராத்திரியோடு நிறுத்திப் பார்த்தால் விடை கிடைக்காது. அதற்கு முந்தைய மூன்று வருடத்தைப் பாருங்கள்.

1969 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறையில் இறங்கினார். 1972 முடிவதற்குள் 37 ஆட்டம். அதில் முழு ரவுண்டும் ஆடி பாயின்ட்டில் ஜெயித்தது மூன்றே மூன்று: ராபர்ட்டோ டாவிலா, லெவி ஃபோர்ட்டே, கிரெகோரியோ பெரால்ட்டா. பெரால்ட்டாவை 1971 மே மாதம் மறுபடி சந்தித்தபோது 10-வது ரவுண்டுவரை போக வேண்டியிருந்தது. அதற்கப்புறம் நீண்ட ஆட்டம் என்ற பேச்சே இல்லை. அலிக்கு முன்னால் ஆடிய கடைசி 8 பேரும் முதல் ரவுண்டிலோ இரண்டாவதிலோ முடிந்துபோனார்கள். ஜோ ஃபிரேசியர் (1973 ஜனவரி 22, கிங்ஸ்டன்) இரண்டு ரவுண்டுக்குள் 6 முறை விழுந்தார். ஹோசே ரோமன் டோக்கியோவில் ஒரே ரவுண்டு. கென் நார்ட்டன் கராகஸில் இரண்டு. ஆக, கின்ஷாசாவில் மூன்றாவது ரவுண்டு மணி அடித்தபோது மூன்று வருடமாகப் போகாத இடத்துக்குள் அவர் காலெடுத்து வைக்கிறார்.

6 நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் பழகிய உடம்பு அது. ஜிம்மில் எவ்வளவு ஓடினாலும், எதிரி முன்னால் நிற்கிறபோது வேகத்தை எங்கே குறைக்கலாம், எந்த ரவுண்டை விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் ரிங்கில் ஆடினால்தான் பிடிபடும். அந்தப் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. போதாக்குறைக்கு ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம். செப்டம்பர் 25-க்கு இருந்த ஆட்டம் அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. காயம் பிரியாமல் இருக்க ஸ்பாரிங்கைக் குறைத்தே ஆக வேண்டும். கூர்மை போவதற்கு அது போதும்.

இனி ரிங்குக்குள். முதல் ரவுண்டில் அலி ஓடித்தான் பார்த்தார். ஃபோர்மன் பின்னாலேயே துரத்தவில்லை, குறுக்கே அடியெடுத்து மறித்தார். ரிங்கை அடைப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்பது என் கருத்து. அப்படி அடைக்கிறவர் ஒரு அடி வைத்தால் ஓடுகிறவர் இரண்டு அடி வைக்க வேண்டும். 15 ரவுண்டு அப்படி ஓட முடியாது. அதனால்தான் இரண்டாவது ரவுண்டிலிருந்து அலி கயிற்றில் சாய்ந்தார்.

கயிறு தொய்வாக இருந்தது இங்கே பெரிய விஷயம். இறுக்கமான கயிற்றில் சாய்ந்தால் தலை கயிற்றுக்கு மேலே நேராக நிற்கும், அடிக்கு வாகாக இருக்கும். தொய்ந்த கயிறு பின்னால் போகும், தலையும் கூடவே போகும். ஃபோர்மனின் அகல ஹூக்குகள் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்துகள்) கடைசி சில அங்குலத்தில் தவறின, இல்லாவிட்டால் முன்கையிலும் முழங்கையிலும் பட்டன. பட்ட குத்தில் உடம்பு தானாக நின்றுவிடும். தவறிய குத்தை இடுப்பும் தோளும் சேர்ந்து இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும், அடுத்த குத்துக்கு மறுபடி கால் ஊன்ற வேண்டும். மூச்சு தீர்வது அங்கேதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று க்ளின்ச், அதாவது நெருங்கிக் கட்டிப்பிடித்து நிற்பது. நெருங்கின ஒவ்வொரு முறையும் அலி இடது கையைப் பிடரியில் போட்டுக் கீழே அழுத்தினார். விதிப்படி அது தவறு, ரெஃப்ரி பெரிதாகத் தடுக்கவில்லை. குனிந்த கழுத்தோடு அந்த எடையைத் தாங்கி நிமிர்வது ஒவ்வொரு தடவையும் தனி வேலை. கழுத்தும் தோளும் செத்துப்போனால் கை எழாது. 5-வது ரவுண்டுக்குப் பின் நீங்கள் பார்த்த தளர்ச்சியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 8-வது ரவுண்டு முடிய 2 வினாடி இருக்கும்போது ஆட்டம் முடிந்தது.


மறுமொழி: பழைய ரிங்

மணிச்சத்தம் சொன்னதோடு ஒரு கண்ணியைச் சேர்க்கிறேன். கின்ஷாசாவுக்கு அப்புறம் தன் குறை அவருக்குத் தெரியாமல் இல்லை. கில் க்ளான்சி டிரெய்னராக வந்ததும் நிதானத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ரான் லைல் ஆட்டத்தில் (1976 ஜனவரி) அந்த நிதானம் சுத்தமாகக் காற்றில் போனது. 4-வது ரவுண்டில் ஃபோர்மன் இரண்டு முறையும் லைல் ஒரு முறையும் விழுந்தார்கள், 5-வதில்தான் லைலை முடிக்க முடிந்தது. அதே வருடம் ஃபிரேசியருடன் இரண்டாவது ஆட்டத்தில் அளந்து ஆடினார், 5 ரவுண்டில் ஜெயித்தார். 1977 மார்ச் 17, சான் ஹுவான்: ஜிம்மி யங்குக்கு எதிராக அளந்து ஆடுகிறேன் என்று ஆரம்ப ரவுண்டுகளைச் சும்மா விட்டார். 7-வதில் யங்கை ஆட்டிவிட்டார், முடிக்க முடியவில்லை. கடைசி ரவுண்டில் இவரே விழுந்து பாயின்ட்டில் தோற்றார். நிதானம் என்றால் குத்தாமல் இருப்பது என்று புரிந்துகொண்டதுதான் கோளாறு. நிதானமாக ஆடுகிறவனுக்கு ஒரு வேலைக்காரக் குத்து வேண்டும், ரவுண்டை அது சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவரிடம் அது ஓங்கவில்லை.

அந்தத் தோல்விக்குப் பின் 10 வருடம் ஹூஸ்டனில் மதபோதகர். 1987 மார்ச் 9-ல் சாக்ரமென்டோவில் ஸ்டீவ் ஸூஸ்கியுடன் திரும்பியபோது எடை 267 பவுண்டு, ஏறத்தாழ 121 கிலோ.

இரண்டாவது காலகட்டத்தில் மாறியவற்றில் முதலாவது ஜாப்தான், அதாவது முன் கையால் நேராகப் போடுகிற குத்து. பழைய ஃபோர்மனிடமும் நல்ல ஜாப் இருந்தது, ஆனால் பெரிய குத்துக்குக் கதவு திறக்கிற குத்தாக மட்டும். 1987-க்கு அப்புறம் அதுவே ஆட்டத்தின் முதுகெலும்பு. பின்னங்காலில் எடையை வைத்து நிற்பார். முன்னங்கால் அரை அடி நகர்ந்து தரையில் பதிகிற அதே கணத்தில் குத்து போய்ச் சேரும், அதனால் கையோடு உடம்பும் போகும். சொடுக்கி இழுக்கிற ஜாப் இல்லை, கட்டையை நீட்டி இடிக்கிற மாதிரி. எதிரியின் கார்டில் பட்டாலும் அவன் ஒரு எட்டு பின்வாங்கியாக வேண்டும். பின்வாங்குகிறவன் குத்த முடியாது. இவருக்கு அந்த ஒரு நொடி ஓய்வு.

இரண்டாவது, வீச்சைக் குறைத்தார். முதல் காலகட்டத்தில் தோளுக்கு வெளியிலிருந்து வந்த ஹூக்குகள் குறைந்தன. முழங்கை விலாவை ஒட்டியே இருந்து நேராகப் போகிற வலது கை கூடியது. பாதை குறைந்தால் செலவும் குறையும், தவறினாலும் உடம்பு சுழன்று போகாது.

மூன்றாவது கார்டு. முதல் காலகட்டத்தில் டிக் சாட்லரோடு ஆர்ச்சி மூரும் அவர் கார்னரில் (பயிற்சிக் குழுவில்) இருந்தார். குறுக்குக் கை கார்டு மூரின் சொத்து. வலது முன்கை மேலே, முகவாய்க்கு முன்னால் குறுக்கே, வலது கிளவுஸ் இடது கன்னத்தை ஒட்டி. இடது முன்கை அதற்குக் கீழே, விலாவுக்குக் குறுக்கே. முகவாய் தோளுக்குள் புதைந்திருக்கும். நேர்க்குத்து முன்கையில் நிற்கும், கீழிருந்து மேலே வருகிற அப்பர்கட் கீழ்க் கையில் மாட்டும். கை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தங்கியிருப்பதால் தோள் சோராது. கையை உயர்த்தியே வைத்திருப்பதுதான் பெரிய உடம்புக்கு அதிக அலுப்பு. அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

நான்காவது, ரவுண்டுக்கு நடுவே உட்காராமல் கார்னரில் நின்றே இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து எழுகிற ஒவ்வொரு தடவையும் அந்த எடையைத் தொடை தூக்க வேண்டும், சூடாக இருக்கிற கால் உட்கார்ந்தால் இறுகும். எதிர் மூலையில் பெருமூச்சு விடுகிற இளைஞனுக்கு அந்தக் காட்சி என்ன சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எதிரிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் இதில் சேர்த்திதான். 1987-லிருந்து 1990 முடிய 24 ஆட்டம், 24 வெற்றி, 23 நாக் அவுட். ஆரம்பத்தில் வந்தவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள், அதைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. 10 வருடம் துருப்பிடித்த உடம்புக்கு ஜிம் மட்டும் போதாது, 5 ரவுண்டு, 7 ரவுண்டு என்று ரிங்கிலேயே ஏற வேண்டும். 1988-ல் ட்வைட் முகம்மது கவியோடு 7 ரவுண்டு, 1989-ல் எவரெட் மார்ட்டினோடு முழு 10 ரவுண்டு, 1990 ஜனவரியில் ஜெரி கூனியை 2 ரவுண்டில். பிறகுதான் 1991 ஏப்ரல் 19, அட்லான்டிக் சிட்டியில் இவாண்டர் ஹோலிஃபீல்டு. 42 வயதில் உலகப் பட்டத்துக்காக 12 ரவுண்டு முழுசாக நின்றார், தோற்றது பாயின்ட்டில். உங்கள் மூச்சுக் கேள்விக்கு அந்த ஆட்டத்திலேயே பதில் இருக்கிறது, மூரர்வரை போக வேண்டாம்.


சிவப்பு மூலை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. க்ளின்ச் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், பிடரியில் கை விழுவது எத்தனை தடவை என்று எண்ணி மாளவில்லை. ஒரே ஒரு சந்தேகம். மூரர் ஆட்டத்தில் அதுவரை பாயின்ட்டில் வெகுவாகப் பின்தங்கித்தானே இருந்தார்? அந்தக் கடைசிக் குத்து அதிர்ஷ்டத்தில் விழுந்தது என்று சிலர் சொல்வதில் நியாயம் உண்டா?


மறுமொழி: இடதுகைப் பழக்கம்

அதிர்ஷ்டம் இல்லைங்க. பின்தங்கியிருந்தது மட்டும் உண்மை, கணக்கைப் பாருங்க.

9 ரவுண்டு முடிஞ்சப்ப மூன்று நடுவர்களின் சீட்டு: 88-83, 88-83, 86-85, மூன்றிலும் மூரர் முன்னால். மிச்சம் 3 ரவுண்டு. மூன்றையும் ஃபோர்மனே எடுத்தாலும் முதல் இரண்டு சீட்டில் 115-113 என்று மூரர்தான் ஜெயிப்பார். பல தடவை கீழே விழவைக்கணும், இல்லேன்னா நாக் அவுட். வேற வழி கிடையாது. ஃபோர்மன் கார்னரில் இருந்தவர் ஏஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலி கார்னரில் நின்ற அதே ஆள். நிலவரம் அவருக்கு நல்லாவே தெரியும்.

மூரர் இடதுகைக்காரர், அதாவது வலது கை, வலது கால் முன்னால். வலதுகைக்காரரும் இடதுகைக்காரரும் எதிரெதிரே நிற்கும்போது முன்னங்கால் ரெண்டும் ஒரே கோட்டில் முட்டும். ஜாப் ரெண்டும் ஒன்றோடொன்று உரசும், அதனால் ஜாப் வழி அடைபடும். ஆனா வலதுகைக்காரருக்குப் பின் கை, அதாவது நேர் வலது, நடுவில் தடையில்லாமல் போகும். இதுக்கு எதிரா இடதுகைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த வலது கையிலிருந்து விலகி, தன் வலப்பக்கமாவே வட்டமடிக்கணும். முன்னங்கால் எதிரியின் முன்னங்காலுக்கு வெளியே இருக்கணும்.

மூரரின் டிரெய்னர் டெடி அட்லஸ் ஒவ்வொரு ரவுண்டு இடைவெளியிலும் நகரு, எதிரே நிற்காதேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். மூரர் குத்து நல்லா விழுந்துக்கிட்டிருந்தது, அதனால நின்ற இடத்திலேயே நின்னார். ஜெயிச்சுக்கிட்டிருக்கிறவனுக்கு வர்ற ஆபத்து இது. குத்து விழ விழ, தூரம் சரியா இருக்குன்னு தோணும். தனக்குச் சரியான தூரம் எதிரிக்கும் சரியான தூரம்தான்.

10-வது ரவுண்டை மெதுவா ஓட்டிப் பாருங்க. முதலில் ஒரு இடது-வலது ஜோடி, மூரர் தலையில் பட்டது. விழலை, ஆனா பின்னாலேயும் போகலை. கால் நட்டு நிற்கிறார். ஃபோர்மன் கையை முழுசா இழுத்துக்கிட்டு மறுபடி ஓங்கலை, பாதி வழியிலிருந்தே அடுத்த ஜோடி. இடது கை ஜாப் மூரர் கைக்கு நடுவில் போய் கார்டைப் பிரிச்சு வைக்குது. வலது கை குட்டையா, தோள் உயரத்திலிருந்து நேரா முகவாயில். 20 வருஷம் முன்னாடின்னா அதே குத்து இடுப்புக்குக் கீழேயிருந்து சுத்திக்கிட்டு வந்திருக்கும், மூரர் பார்த்திருப்பார். ஜோ கார்ட்டெஸ் 10 எண்ணி முடிச்சப்ப 2 நிமிடம் 3 வினாடி.

9 ரவுண்டா வந்த அந்த இடிக்கிற ஜாப்தான் மூரரின் கையை இறக்கினதுன்னு நான் நினைக்கிறேன். சேமிப்பில் போட்ட பணம் மாதிரி, எடுத்தது ஒரே நாளில்.


மறுமொழி: மணிச்சத்தம்

பழைய ரிங் கார்டைப் பற்றிச் சொன்னதில் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும், ஏனென்றால் கேட்டவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கார்டில் கை குத்துகிற இடத்தில் இல்லை. குறுக்கே மடித்த கையை அவிழ்த்து நேராக்கிய பிறகுதான் குத்த முடியும், அதனால் கவுன்ட்டர் (பதில் குத்து) தாமதமாகும். காதுப் பக்கமும், முழங்கைக்குப் பின்னால் விலாவின் பக்கவாட்டும் திறந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து ஹூக் வந்தால் தடுக்க இடமில்லை, தாங்கத்தான் வேண்டும். 1992 ஏப்ரலில் அலெக்ஸ் ஸ்டுவர்ட் ஆட்டத்தின் கடைசி ரவுண்டுகளைப் பார்த்தால் விலை தெரியும். ஃபோர்மன் பாயின்ட்டில் ஜெயித்தார், முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப்போயிருந்தது. அவருக்கு இருந்த தாடை உறுதியை நம்பி வைத்த கார்டு அது. அது இல்லாத பையன் அதே கார்டில் நின்றால் மூளைக்குத்தான் அடி சேரும். தலைக்கு அடி வாங்குவதைக் கணக்கில் சேர்த்துப் போட்ட ஆட்டமுறையைப் பழகுகிற வயதில் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்பேன்.

நகர்கிற ஆளிடம் இந்த முறை பலிக்காது என்பதும் தெரிந்த சங்கதி. 1993 ஜூனில் டாமி மாரிசன், சண்டைக்காரர் என்று பெயரெடுத்தவர், 12 ரவுண்டும் எதிரே நிற்காமல் சுற்றியே 117-110, 117-110, 118-109 என்று ஜெயித்தார். மூரர் அதைப் போட்டுப் பார்த்திருந்தாலே போதும். 1995 ஏப்ரலில் ஆக்சல் ஷூல்ட்ஸும் நகர்ந்துதான் ஆடினார். ஒரு நடுவர் 114-114, மற்ற இருவர் 115-113 ஃபோர்மனுக்கு. அதை ஷூல்ட்ஸ் ஜெயித்த ஆட்டமாகவே நான் பார்க்கிறேன். டோனி டக்கரோடு ஆட மறுத்ததால் மூரரிடம் ஜெயித்த இரண்டில் ஒரு பட்டத்தை அதற்கு முன்பே பறித்திருந்தார்கள், ஷூல்ட்ஸோடு மறு ஆட்டத்துக்கு மறுத்ததில் அடுத்ததும் போனது. கடைசி ஆட்டம் 1997 நவம்பர் 22, ஷேனன் பிரிக்ஸ். அதில் தீர்ப்பு ஃபோர்மனுக்கு எதிராகப் போனது, அது நேர்மாறான அநியாயம். மொத்தம் 81 ஆட்டம், 76 வெற்றி, 68 நாக் அவுட், 5 தோல்வி. அந்த ஐந்தில் நாக் அவுட் ஆனது அலியிடம் மட்டும்தான்.


மறுமொழி: பழைய ரிங்

ஏற்றுக்கொள்கிறேன், கார்டு வேண்டாம். ஜாப்பும் ரிங்கை அடைக்கிற கால் வேலையும் போதும், இரண்டையும் யாருக்கும் கொடுக்கலாம்.

கால் வேலைக்குப் பயிற்சி இப்படி வையுங்கள். கிளவுஸ் வேண்டாம், இரண்டு பேர், 2 நிமிட ரவுண்டு. ஒருவன் ஓட வேண்டும், மற்றவன் மறிக்க வேண்டும், குத்து கிடையாது. மறிக்கிறவன் ஓடுகிறவனின் நெஞ்சைப் பார்க்க வேண்டும், காலைப் பார்த்தால் ஏமாறுவான். இடப்பக்கம் போகையில் இடது கால் முதலில், வலப்பக்கம் என்றால் வலது கால் முதலில், இரண்டாவது கால் அதே அளவு பின்தொடர வேண்டும். கால் குறுக்கே பின்னினால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துங்கள். பின்னிய கணத்தில் ஜாப் பட்டால்கூட உட்கார்ந்துவிடுவான். முன்னால் போவது அவன் மூலையை நெருங்கிய பிறகுதான், அதுவரை பக்கவாட்டில் மட்டும். பையன்கள் செய்கிற பெரிய தவறு நேராகத் துரத்துவது. துரத்தினால் வட்டத்துக்கு வெளியில் நீங்கள் ஓடுகிறீர்கள், அவன் நடுவில் நின்று திரும்புகிறான்.

அது படிந்த பிறகு மறிக்கிறவனுக்கு ஜாப் மட்டும் கொடுங்கள், அடுத்த வாரம் ஓடுகிற திசையில் ஒரு இடது ஹூக். கிங்ஸ்டன் ஆட்டத்தில் ஃபோர்மன் இரண்டு கையாலும் ஃபிரேசியரின் தோளைத் தள்ளித் தூரம் உண்டாக்கிக்கொண்டு அப்பர்கட் போட்டது பார்க்க நன்றாக இருக்கும், அதைப் பழக்கிவிடாதீர்கள். தள்ளினால் அமெச்சூர் ஆட்டத்தில் எச்சரிக்கை, அப்புறம் பாயின்ட் போய்விடும்.